மணி இருந்த பக்கம்

தையல் பழக வந்த முதல் நாள் நாத்தனாரின் ஸ்டூல் ஒரு காலில் ஆடியது. அவள் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அண்ணி சத்தமில்லாமல் தன் ஸ்டூலை மாற்றிப் போட்டிருந்தாள். சொல்லிக் காட்டவும் இல்லை. தெருவில் அண்ணிக்குக் கத்தரிக்கோல் என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் எதிரே நிற்பவர் இரண்டு துண்டு. அவளுக்குள் இப்படியும் ஒரு மனசு இருந்தது.

அண்ணன் கை ஒடிந்து படுத்த பிறகு, இருவரும் சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கப் பழக வந்தார்கள். பன்னிரண்டு நாள் பழக்கம், பிறகு பரீட்சை. காலியாக இருந்ததோ ஒரே வேலை.

"தோத்தவ வேற இடம் பாத்துக்கட்டும். மூணு வயித்துக்கு ஒரு சம்பளம் பத்தாது" என்று அண்ணி வீட்டிலேயே சொல்லிவிட்டாள். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். புருஷனை இழந்து அண்ணன் வீட்டுக்கு வந்த நாத்தனாருக்கு வேறு இடம் எது?

பழக்கும் மாஸ்டர் ஒரே ஆள். அவரைக் கூப்பிட இரண்டு மெஷினுக்கும் சேர்த்து ஒரே ஒரு மணி. அதை மூத்தவளான அண்ணியின் பக்கம் வைத்தார். அடித்தால் வந்து ஒரு காலர் தைத்துக் காட்டுவார், இருவரும் பார்க்கலாம். நாளுக்குப் பத்து தடவைதான்.

அண்ணி தன் கை எங்கே தடுக்கியதோ அங்கே அடித்தாள். பார்த்தாள், உடனே தைத்தாள், பிடித்துக்கொண்டாள். நாத்தனாரோ காலர் முனையில் துணியைத் திருப்பத் தெரியாமல் சுருக்கிவிட்டு விழிப்பாள். அப்போது மணி அடிக்காது. அவள் நூல் கோத்துக்கொண்டிருக்கையில் அடிக்கும். நிமிர்வதற்குள் மாஸ்டர் முனையைத் தாண்டியிருப்பார்.

"மாஸ்டர், இந்த முனையை மட்டும் ஒரு தடவை..."

"ஏம்மா, உனக்குன்னு தனிக் கச்சேரியா? உங்க அண்ணிகிட்ட கேளு."

கேட்டாள். "அண்ணி, நாளைக்கு ஒரு நாள் மணியை நான் வெச்சுக்கட்டுமா? அஞ்சு தடவை போதும்."

"மண்டையில பஞ்சை வெச்சுக்கிட்டு மணி என்னத்துக்குடி?"

பக்கத்து வரிசைப் பெண்கள் சிரித்தார்கள்.

பரீட்சையில் அண்ணியின் காலர் கத்தி மாதிரி நின்றது. நாத்தனாருடையதை மாஸ்டர் எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். "இது காலரா, கசக்கிப் போட்ட காகிதமா? ரெண்டு பேருக்கும் அதே நூத்து இருபது தடவைதான் காட்டினேன். ஒருத்திக்குக் கை வந்துச்சு, ஒருத்திக்கு வரல. தலையெழுத்து!"

தலையெழுத்துதான் என்று அவளும் நம்பினாள். மறுநாள் காலை பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டினாள்.

"வரேன் அண்ணி. எனக்குத்தான் கை வரல. ஆண்டவன் உங்களை நல்லா வைக்கட்டும்."

அண்ணி வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே அவள் சொன்னதுதான் கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை.

"ஆண்டவனை ஏன் இழுக்கிற? உனக்கு நல்லாவே வந்திருக்கும். நீ முனையில முழிக்கிறப்பெல்லாம் பாத்துட்டுத்தான் மணி அடிக்காம இருந்தேன். கதவைச் சாத்திட்டுப் போ."