சுவருக்குள் இருந்த ஏலக்காய்

போடியில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் ஏலக்காய் மணக்கிறது என்பார்கள். எங்களுக்குத்தான் அது தெரியாது. ஐந்தாவது வரைக்கும் படித்தவள் நான், எழுத்து கோணலாகத்தான் வரும், பாதி மறந்தும் போயிற்று, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆத்தாவும் அக்காவும் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கிவைக்கிற ‘கிட்டங்கி’யில் காய் பொறுக்கப் போவார்கள். அப்பாவை ‘ஐயா’ என்போம். மாட்டுத் தரகுக்குச் சந்தை சந்தையாய் அலைகிறவர், எப்போதாவது வருவார். வந்தால் சீட்டாட்டத்துக்கென்று ஏதாவது ஒரு சாமான் வீட்டை விட்டுப் போகும். பித்தளை அண்டா அப்படித்தான் போனது. அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம் என்று சின்னமனூரில் பேசி முடித்ததும், அவளுக்கென்று வாங்கிய தோட்டையும் பட்டுச் சேலையையும் எங்கே வைப்பது என்பதே ஆத்தாவுக்குக் கவலை.

பொங்கலுக்கு எல்லா வீட்டிலும் வெள்ளையடிக்கிற சமயம் பார்த்து, அடுப்படிச் சுவரில் விளக்கு வைக்கிற ‘மாடக்குழி’யை ஆத்தா கடப்பாரையால் உள்ளே குடைந்தாள். மண்ணைப் பாவாடையில் அள்ளிக் கொல்லையில் கொட்டியது நான்தான். தோட்டையும் சேலையையும் வைத்து, பட்டில் பூச்சி விழாதிருக்க உடைந்த ஏலக்காயை ஒரு கை அள்ளிப் போட்டு, பலகையால் மூடி மண் பூசி, சுண்ணாம்பும் அடித்துவிட்டாள். “இனி எறும்புக்குக்கூடத் தெரியாது,” என்றாள்.

ஆடிச் சாரலில் சுவர் ஊறியது. அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஐயா, பாதிச் சோற்றில் கையை நிறுத்திச் சுவரை முகர்ந்தார்.

“என்னடி, சுவத்துக்குள்ள பாயசம் காச்சுறீகளா?”

“நாளெல்லாம் காயிலேயே கெடக்குறவ வீடு வேற என்னத்த மணக்கும்? பேசாம சாப்பிடுங்க.”

மறுநாள் நாங்கள் திரும்பி வரும்போது சுவர் திறந்து கிடந்தது. தோடும் இல்லை, சேலையும் இல்லை. ஏலக்காயை மட்டும் விட்டுப் போயிருந்தார். “நம்ம மூக்கு செத்துப்போச்சே, தெரியாமப் போச்சே,” என்று ஆத்தா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா அழவில்லை. “எந்திரி ஆத்தா, யாரும் பாக்குறதுக்குள்ள மூடிருவோம்,” என்று மண்ணைக் குழைத்து, அந்தக் காயையும் உள்ளே தள்ளி, வெறும் குழியைப் பூசி மூடினாள். சின்னமனூர்க்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அக்கா கடைசி வரைக்கும் கிட்டங்கிக்குத்தான் போனாள், காதில் ஈர்க்குச்சிதான்.

என் மகன் அந்தப் பழைய வீட்டை இடித்துக் கட்டியபோது, அக்கா இடிபாட்டைக் கிளறிக் கறுத்துப்போன நாலைந்து காய்களை எடுத்து என் மூக்கருகே நீட்டினாள்.

“எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது. வாசம் வருதாடி?”

மண் வாசம்தான் வந்தது. “வருதுக்கா,” என்றேன். முந்தியில் முடிந்துகொண்டாள்.

புது வீட்டில் பீரோ இருக்கிறது, சாவி பூட்டிலேயே தொங்குகிறது. போன மாசியில் அக்கா போய்விட்டாள். மாடக்குழி கிழக்குச் சுவரிலா வடக்குச் சுவரிலா என்று எனக்கு நிச்சயமில்லை. பழைய வீட்டைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். அவளிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.