ஆராய்ச்சிக்குச் செய்த மொய்

கீரமங்கலத்துப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருக்கிறேன். எனக்கு முன்கோபம் அதிகம் என்று வீட்டிலும் சொல்வார்கள், ஸ்டாஃப் ரூமிலும் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. ஒருமுறை அந்தக் கோபம் உருப்படியான ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது.

வெளியூர் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று எங்களைத் தேடி வந்தது. வெயில் உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்க ஒரு கூட்டு நிதி இருக்கிறதாம். மருத்துவம், பருவநிலை, பள்ளிக் கல்வி மூன்றும் சேர்ந்து கேட்டால்தான் கொடுப்பார்களாம். எங்கள் பிள்ளைகள் பூந்தோட்டங்களில் வெப்பமானி கட்டி அளவெடுப்பார்கள். அங்கே வேலை பார்க்கும் பெண்களிடம் நிறுவனத்தார் ரத்தமும் சிறுநீரும் வாங்கிச் சோதிப்பார்கள். பிள்ளைகள் கையில் நிஜமான கருவி வரப்போகிறது என்றதும் நான் யோசிக்கவே இல்லை, சரி என்று சொல்லிவிட்டேன்.

பெண்களைச் சம்மதிக்க வைப்பது என் பொறுப்பு. பள்ளியில் கூட்டம் போட்டோம். திட்டத்தை நடத்தும் பேராசிரியர் திரையில் படம் போட்டு விளக்கினார். ஒருவருக்கும் ஒன்றும் ஏறவில்லை. பொறுக்க முடியாமல் நான் எழுந்தேன்.

"மொய் விருந்து மாதிரி வச்சுக்கங்க. ஆளுக்குக் கொஞ்சம் செய்யிறோம். நீங்க செஞ்சது ஒங்களுக்கே திரும்பி வரும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு ரத்தம் எடுக்கக் கையையும் நீட்டிவிட்டார்கள்.

ஆடி பிறந்தால் எங்கள் பக்கம் மொய் விருந்துதான். பந்தியில் சாப்பிட்டு, மொய் செய்துவிட்டுப் போவார்கள். வாங்கியவர் அவர்கள் வீட்டு விருந்துக்குக் கூடுதலாகத் திருப்பிச் செய்ய வேண்டும். செய்யாதவரை யாரும் அடிக்கப் போவதில்லை. ஆனால் அவர் கடைத்தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. இதெல்லாம் தெரிந்துதான் அந்த வார்த்தையை விட்டேன்.

ஒரு வருடம் வேலை நன்றாகவே நடந்தது. பிள்ளைகள் வெப்ப அளவை வைத்துப் படம் வரைந்து மாவட்டக் கண்காட்சிக்குக்கூடப் போனார்கள். அடுத்த பங்குனியில், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா என்னைப் பார்க்க வந்தார். காலையில் பூப்பறித்துவிட்டு, வெயில் ஏறியபின் களையெடுக்கப் போகிறவர். போன கோடையில் தோட்டத்திலேயே மயங்கி விழுந்தவர்.

"டீச்சர், ரத்தம் குடுத்தேன், ஒன்னுக்கும் குடுத்தேன். இப்ப ரெண்டு காலும் வீங்குது. எனக்கு என்ன வந்திருக்குன்னு சொல்லுங்க. மொய்யின்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"பூ சீசன்ல எங்கிட்டுப் போறது? அதான் நீங்க பாத்து வச்சிருக்கீங்கள்ல."

அன்றே பேராசிரியருக்குப் போன் போட்டேன். நல்ல மனிதர்தான். "கட்டுரை வெளிவந்ததும் ஊர்ல வந்து சொல்லிருவோம் டீச்சர். மாதிரிகள்ல பேர் கிடையாது, நம்பர்தான். எது யாரோடதுன்னு திறந்து பாக்க எங்க நிறுவனத்து நெறிமுறைக் குழு அனுமதி வேணும்" என்றார்.

"அனுமதி கேளுங்க சார்."

"நாளாகும். ரெண்டாம் வருச நிதிக்கு ஒப்பந்தம் அனுப்பியிருக்கேன். மொதல்ல அதுல கையெழுத்துப் போட்டு அனுப்புங்க."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. அந்த அம்மாவின் சோதனை முடிவு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று போனை வைத்துவிட்டேன். மூன்று தரப்பில் ஒருவர் கையெழுத்து இல்லையென்றாலும் நிதி வராது. பள்ளித் தரப்பில் போட வேண்டியவள் நான். விஷயம் தலைமையாசிரியர் காதுக்குப் போனது.

"வர்ற லெட்சுமிய ஏம்மா காலால எட்டி ஒதைக்கிறீங்க? ரெண்டாம் வருச நிதியில நமக்கு லேப் கெடைக்கும்ல" என்றார்.

லேப் ஆசை எனக்கு அவரைவிட அதிகம். உடைந்த சோதனைக் குழாய்களை வைத்துப் பாடம் நடத்துகிறவள் நான்தான். இருந்தாலும், "அவங்களுக்கு வரவேண்டியது மொதல்ல வரட்டும் சார்" என்று சொல்லிவிட்டேன். பேராசிரியர் கூப்பிட்ட போதெல்லாம் அதையே சொன்னேன். கடைசியில் வேறு வழியில்லாமல் அவர் குழுவிடம் கேட்டார். அனுமதி கிடைத்தது.

நிறுவனத்து டாக்டர் முடிவுகளோடு பள்ளிக்கு வந்தார். பெண்களை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னார். பெரும்பாலானவர்களுக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை. அந்த அம்மா உள்ளே போகும்போது என்னையும் கூட இருக்கச் சொன்னார்.

சிறுநீரகம் வேலை செய்வது குறைந்திருக்கிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினால் மேலும் கெடாமல் தடுக்க வாய்ப்பு இருக்கிறது, இனி வெயிலில் வேலை கூடாது என்றார் டாக்டர்.

"இது எப்ப எடுத்ததுல தெரிஞ்சுச்சு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"போன வருசம் எடுத்ததுலம்மா."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்:

"நீங்க ஒன்னுமே சொல்லலையா, அப்ப ஒடம்புல கோளாறு இல்லைன்னு நெனச்சுக்கிட்டேன். அந்தத் தைரியத்துலதான் வருசம் பூரா வெயில்ல நின்னேன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பையிலிருந்த ஒப்பந்தத்தை எடுத்தேன். சோதனை முடிவு வந்ததும் முதலில் மாதிரி கொடுத்தவரிடம் சொல்ல வேண்டும் என்று அதன் கடைசிப் பக்கத்தில் எழுதி டாக்டர் கையில் கொடுத்தேன்.

"இதுக்குக் கீழ ஒங்க பேராசிரியர் மொதல்ல கையெழுத்துப் போடட்டும் டாக்டர். அப்புறம் நான் போடுறேன்."