கட்டாத கம்பி

ராஜபாளையம் சங்கரன்கோவில் முக்கில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் அசன் முகம்மது நல்ல வேலைக்காரர், பொல்லாத வாய்க்காரர். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் அதை ஓட்டி வந்தவனைத்தான் முதலில் கழற்றி மாட்டுவார். ஐம்பத்தெட்டு வயதுவரை அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாகக் கேள்வி இல்லை. கேட்கவேண்டி வந்தது கருத்தம்மாவிடம்.

பட்டாளத்தில் ஏலம் விட்ட பழைய லாரிகள் என்றால் அவரிடம்தான் வரும். அந்த லாரிகளில் நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கும். கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் என்று இன்னொரு பெட்டி இருக்கிறது. என்ஜினின் பலத்தை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பங்கு வைப்பது அதன் வேலை. வளைவில் முன்சக்கரங்கள் கூடுதலாக ஓடவேண்டும், பின்சக்கரங்களுக்கு அவ்வளவு தூரம் இல்லை. இரண்டையும் சேர்த்து இறுக்கிவிட்டால் ஏதாவது ஒன்று முறிந்துபோகும். அதனால் பெட்டிக்குள் சில பல்சக்கரங்கள் இருந்துகொண்டு இரண்டு பக்கத்தையும் விட்டுக்கொடுத்துப் போகவைக்கும். அவற்றுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. ஒரு பக்கம் சேற்றில் வழுக்கினால் பலம் முழுவதும் அந்தப் பக்கமே போய்விடும், உடைந்த வரப்பு வழியாகத் தண்ணீர் ஓடுவதுபோல. அதற்குத்தான் லாக். லிவரைத் தள்ளினால் முன்னும் பின்னும் ஒன்றாக இறுகும். சேறு தாண்டியதும் எடுத்துவிட வேண்டும்.

இந்த லிவரோடு பதினேழு வருசம் குடும்பம் நடத்தியவர் முத்துவீரன். பட்டாளத்தில் டிரைவர். ஊருக்குத் திரும்பியபின் சுந்தரபாண்டியத்தில் குடியிருந்துகொண்டு, ஏலத்தில் அதே மாதிரி லாரியை எடுத்து, கூமாப்பட்டித் தோப்புகளிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தேங்காய் ஏற்றினார். அசனுக்கு உலகத்திலேயே வாய் அடங்குகிற இடம் முத்துவீரன் ஒருவர்தான். இருபது வருசச் சிநேகிதம்.

போன ஐப்பசியில் அந்த லாரியில், பெட்டியிலிருந்து முன்சக்கரத்துக்குப் பலத்தைக் கொண்டுபோகும் முன் சாப்டின் ஜாயின்ட் உடைந்தது. புதுச் சாமான் வரப் பத்து நாள் ஆகும். அதுவரை ஓடட்டும் என்று அசன் முன் சாப்டைக் கழற்றி வைத்தார். கழற்றிய பக்கம் இனி உடைந்த வரப்புதான். லாக் போட்டே ஓட்டவேண்டும், இல்லாவிட்டால் வண்டி நகராது. நகராமல் நின்றால்கூடப் பரவாயில்லை. ஏற்றத்தில் கியரில் போட்டு நிறுத்தினாலும், லாக் இல்லையென்றால் அந்தப் பிடிப்பு பின்சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

அதனால் அசனுக்கு ஒரு வழக்கம். முன் சாப்டைக் கழற்றினால் லிவரை லாக்கில் தள்ளிக் கட்டுக்கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கிவிடுவார். எப்பேர்ப்பட்ட டிரைவரானாலும் கட்டாமல் அனுப்பமாட்டார். அன்றைக்கும் கம்பியை எடுத்தார்.

"எனக்குமாலே கம்பி?" என்றார் முத்துவீரன். முகம் சுண்டிப்போனது.

அதைப் பார்த்ததும் அசனுக்குக் கை வரவில்லை. "பட்டாளத்துக்காரன் ஒனக்கு எதுக்குலே கம்பி? லாக்க மட்டும் எடுத்துறாத" என்று கம்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஏழாம் நாள் கூமாப்பட்டித் தோப்பு ஏற்றத்தில் முத்துவீரன் பாரத்தோடு வண்டியை நிறுத்தினார். கியரில் போட்டார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், சக்கரத்துக்குக் கட்டை வைக்கப் பின்னால் போனார். தேய்ந்த பிரேக் அவ்வளவு பாரத்தைத் தாங்கவில்லை. வண்டி அவர் மேலேயே வந்துவிட்டது.

உடலை எடுக்க வண்டியை நகர்த்தவேண்டும் என்று அசனைத்தான் கூப்பிட்டார்கள். கேபினில் ஏறியவர் பார்த்தார், கியர் போட்டபடியே இருந்தது. லாக் லிவர்தான் எடுத்துவிடப்பட்டிருந்தது. சேறு தாண்டி ஏற்றத்தில் வண்டி நின்றதும், பதினேழு வருசத்துக் கை தன்பாட்டில் எடுத்துவிட்டிருக்கிறது. வண்டியை நகர்த்த லாக் வேண்டும், போட்டார். அதுவரை சரி. ஆனால் அது எப்படி இருந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. போலீஸ் அதிகாரிகள் வந்தபோது லாரி சமதளத்தில் நின்றது, லாக் போட்டிருந்தது, எல்லாம் சரியாக இருந்தது. கியரில் போடாமல் இறங்கிவிட்டார், ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். சாராயத்தைக் கையால்கூடத் தொடாத மனுசனைக் குடித்திருப்பான் என்றும் ஊரில் பேசினார்கள்.

அசனுக்குச் சோறு இறங்கவில்லை. "எதையோ முழுங்கிட்டு நடக்கீங்க. போயி சொல்ல வேண்டிய எடத்துல சொல்லிட்டு வாங்க" என்றாள் மனைவி மெகராஜ் பேகம்.

காரியம் முடிந்த மறுநாள் சுந்தரபாண்டியத்துக்குப் போனார். முத்துவீரனின் மனைவி கருத்தம்மா எழுந்திருக்கவில்லை. "வாங்கண்ணே" என்றாள். "ஊரே ஒண்ணு சொல்லுது. கியர்ல போடாம எறங்குற ஆளாண்ணே அவிய?" என்று கேட்டாள்.

"இல்ல தாயி. கியர்லதான் போட்டான்."

எல்லாவற்றையும் சொன்னார். லிவர் இருந்த இருப்பு, தான் வாய் திறக்காதது, கட்டாத கம்பி. "எல்லாருக்கும் கட்டுத கம்பி. அவனுக்குப் போயி கட்டுனா மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டேன். என்னைய மன்னிச்சிரு தாயி. நாளைக்கு ஸ்டேஷன்ல சொல்லிருதேன்."

மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்திருந்தார். கருத்தம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அவியளுக்கு ஒரு வருசமா மறதிண்ணே" என்றாள்.

அசனுக்கு விளங்கவில்லை.

"வீட்டுக்கு வாரவிய கிருஷ்ணன்கோயில்ல திரும்பாம அழகாபுரி வரைக்கும் போயிருக்காவ. சாப்பிட்ட கை காயுறதுக்குள்ள சோறு கேப்பாவ. யார்ட்டயும் சொல்லாத, அசன்ட்ட சொல்லவே சொல்லாத, வண்டியத் தொடவிட மாட்டான்னு எந் தலையில கை வச்சு சத்தியம் வாங்குனாவ."

கம்பியைக் கண்டதும் அந்த முகம் ஏன் சுண்டியது என்பது அசனுக்கு அப்போதுதான் புரிந்தது. ரோசம் இல்லை அது. தன் மறதி அசனுக்குத் தெரிந்துவிட்டதோ என்ற பயம்.

"ஒங்கட்ட மட்டும் நான் வாயத் தொறந்திருந்தா, கம்பி கட்டியிருப்பியளாண்ணே?"

கட்டியிருப்பார். கம்பி என்ன, சாவியையே பிடுங்கி வைத்திருப்பார். கருத்தம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சமிருக்கும் காலமெல்லாம் அவள் அந்தப் பதிலோடுதான் படுத்து எழுந்திருக்கவேண்டும்.

"கட்டியிருக்க மாட்டேன் தாயி."

"சத்தியமா?"

"சத்தியமா."

கணவர் போனபின் முதன்முறையாகக் கருத்தம்மா வாய்விட்டு அழுதாள். அசனும் அழுதார்.

மறுநாள் காலையில் ஸ்டேஷனில் லிவரைப் பற்றியும் கம்பியைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொன்னார். லாக்கை எடுக்கக் கூடாது என்று முத்துவீரனுக்குத் தெரியாதா என்று எழுத்தர் கேட்டார்.

"அவனுக்கு எப்பிடித் தெரியும்? நாந்தான் சொல்ல மறந்துட்டேன். அப்பிடியே எழுதிக்கோங்க" என்றார் அசன் முகம்மது.