புத்தகத்தில் இருந்த பாலம்

பண்டிதர் என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஏழு வயதில். அத்தையின் ஓர்ப்படி மகன் அவர், அதாவது மாமாவின் அண்ணன் பையன். "ஆத்தைப் பத்தி முந்நூறு பக்கம் எழுதியிருக்கான். முழங்கால் தண்ணியில இறங்கச் சொன்னா நடுங்குறான்" என்று அத்தை சிரித்தாள். அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குள் சிரிப்போடுதான் நுழைந்தது.

கல்லூரியில் பழைய வரைபடங்களைப் பாடம் நடத்திக்கொண்டிருந்த மனிதர். சண்டை வந்ததும், படித்தவராயிற்றே என்று எடுத்த எடுப்பிலேயே படை அதிகாரியாக்கிவிட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய்க்குத் தொப்பி வைத்தாயிற்று. அவருக்குக் கீழே சிப்பாயாக மாட்டிக்கொண்டவன் அத்தையின் ஒரே மகன். எனக்கு அத்தான், அவருக்குத் தம்பி முறை.

எதிரி துரத்த, பின்வாங்கும் வழியில் ஆறு குறுக்கிட்டது. முன்னால் போய்ப் பார்த்து வந்தவன் அத்தான்.

"அண்ணே, அங்க பாலம் இல்ல. வெள்ளத்துல போயிடுச்சு."

"புத்தகத்துல இருக்குடா."

"புத்தகத்துல இருக்கும்ணே. ஆத்துல இல்ல."

கேட்டாரா? அறுபது பேரையும் அங்கேதான் நடத்திப் போனார். பாலம் இல்லை. திரும்பிப் போகவும் வழியில்லை. நீச்சல் தெரியாத பண்டிதரைத் தோளில் தூக்கிக் கரை சேர்த்த அத்தான், மற்றவர்களை இழுக்க மறுபடி இறங்கினான். வரவேயில்லை. உயிர் தப்பிய படைச் சமையல்காரர் வீடு தேடி வந்து சொன்ன கதை இது. பண்டிதர் மேலிடத்துக்கு எழுதியது வேறு: 'வழி பார்க்க அனுப்பியவன் ஓடிவிட்டான்.'

அவருக்குப் பதக்கம் கிடைத்தது. பிறகு மந்திரி பதவியும். அத்தைக்குக் கிடைத்தது, ஓடிப்போனவனைப் பெற்றவள் என்ற பட்டம். பதினான்கு வருஷம் பொறுத்தவள், ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு அவர் அலுவலகத்துக்கே போய்விட்டாள்.

"வாங்க சித்தி, எதுக்கு இவ்வளவு தூரம்?"

"என் மகன் ஓடலன்னு ஒரு வரி எழுதிக் குடுப்பா. அத்தனை பக்கம் எழுதுன கை, ஒரு வரி எழுதாதா?"

"அதெல்லாம் தீர ஆராயணும் சித்தி" என்றவர், தான் புதிதாக எழுதிய போர்ப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வழியனுப்பினார்.

பஸ்ஸில் அத்தைக்கு அதைப் படித்துக் காட்டினேன். அந்த ஆறும் வந்தது. படை முழுவதும் பாலத்தின் மேல் பத்திரமாக நடந்து கடந்ததாம்.

"அடேயப்பா! பாலத்தையே கட்டி முடிச்சுட்டானே!" என்றாள் அத்தை.

அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். 'ஓடிவிட்டான்' என்ற வரி மாறவில்லை. பண்டிதருக்கு இப்போது தொண்ணூறு வயது. மகள் வீட்டு மாடியறையில் இருக்கிறார். படி இறங்க வேண்டுமென்றால் ஒரு ஆள் தூக்க வேண்டும்.