முன்கூட்டிச் செலுத்திய நேர்த்தி

1996 புரட்டாதியில் என் மனைவிக்கு ஆத்துமசாந்திப் பூசை வைக்கச் சொன்னார்கள். அவள் இறந்ததை யாரும் காணவில்லை. அடக்கம் செய்தவரும் இல்லை. ஆனாலும் பூசைக்கு நாள் பார்த்துவிட்டார்கள்.

சகோதரங்களே, ஆண்டையும் மாதத்தையும் பிசகாமல் மனதில் வைத்திருப்பது என் பழக்கம். அதனால் ஒழுங்காகவே சொல்கிறேன். 1992 தையில் யாழ்ப்பாணத்துப் பாசையூரிலிருந்து தனியாகப் புறப்பட்டேன். அந்த வைகாசியில் ரொறன்ரோ வந்தேன். என் மனைவி றீற்றா ஊரில் நின்றாள். அகதி வழக்கு முடிந்து அவளைக் கூப்பிட வழி பிறந்தபோது 1995 ஆனி. அதே ஆண்டு ஐப்பசிக் கடைசியில் யாழ்ப்பாணம் முழுவதும் போருக்குப் பயந்து மழையோடு மழையாக இடம்பெயர்ந்தது. அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

கார்த்திகையில் வேறொரு செய்தி வந்தது. கடலேரியில் கவிழ்ந்த ஒரு படகில் றீற்றாவும் ஏறினாளாம். இதைச் சொன்னவர் திரேசம்மா அன்ரி. எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களில் மூத்தவர், நல்ல மனுசி. அவருடைய தங்கையின் மகன் கொழும்பிலிருந்து ரெலிபோனில் சொன்னானாம். அவனுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அது அவருக்குத் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலத்தை எப்படிக் கடந்தேன் என்று எனக்கே தெரியாது. வேலைக்குப் போனேன், வந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. செபமாலையை எடுத்தால் பாதியில் கை நின்றுவிடும். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசுகாலம் வந்தபோது மன்றாடுவதை விட்டுவிட்டேன். வழக்காடத் தொடங்கினேன். "ஆண்டவரே, எடுத்தீர் என்றால் எடுத்தேன் என்று சொல்லும். சொல்லாதவரை அவளை நான் விடமாட்டேன்." என் செபம் அவ்வளவுதான். மரியாதை இல்லாத செபம்தான். ஆனால் அதில் பொய் இல்லை.

புரட்டாதியில் பூசை முடிந்து வெளியே வரும்போது திரேசம்மா அன்ரி என் கையைப் பிடித்தார்.

"தம்பி, வருசம் ஒண்டாகப் போகுது. கார்த்திகை ஆத்துமாக்களின்ரை மாசம். பங்குச் சுவாமியோடை கதைச்சிட்டன். பூசையை வையும். அவளும் இளைப்பாறட்டும், நீரும் இளைப்பாறும்."

"அன்ரி, அவ இளைப்பாறக் கேட்டவவோ?"

"விசர்க் கதை கதையாதையும். எத்தினை பேரை அந்தத் தண்ணி கொண்டு போச்சு. உம்மடை மனுசி மட்டும் விசேசமோ?"

கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன். விசேசமில்லை என்பது எனக்கும் தெரியும். அதுதான் சுட்டது.

அப்போது ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு அப்பாட்மென்டில் நானும் குணமும் இருந்தோம். குணம் சைவ சமயத்தவன். கோயிலுக்கும் போகமாட்டான். அவனுடைய அண்ணனும் அந்த இடப்பெயர்வில் காணாமல் போனவர். அன்று வீட்டுக்கு வந்து சுவரில் தொங்கிய தமிழ்க்கடைக் கலண்டரைத் திருப்பினேன். கார்த்திகையைப் பார்க்கத்தான் திருப்பினேன். கண் ஐப்பசியில் நின்றது. பதினாலாந் தேதி, திங்கட்கிழமை, சிவப்பு எழுத்தில் தாங்ஸ்கிவிங். நாலு வருடமாக அது எனக்கு நித்திரை கொள்ளும் லீவு நாள். அன்றுதான் யோசித்தேன். எங்கள் ஆட்கள் கேட்டது கிடைத்த பிறகே நன்றி செலுத்துவார்கள். இந்த நாடோ வருடம் பிறக்கும் முன்னமே நன்றிக்கு நாள் குறித்து வைத்திருக்கிறது. கிடைத்ததா இல்லையா என்று அந்தச் சிவப்பு எழுத்து யாரையும் கேட்பதில்லை.

எனக்கும் றீற்றாவுக்கும் ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. எங்கள் பக்கத்தில், தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோனியாரிடம் கேட்டுக் கிடைத்தவர்கள் வீட்டில் சமைத்துப் பதின்மூன்று பேருக்குச் சோறு கொடுப்பார்கள். அவருடைய திருநாள் பதின்மூன்றாந் தேதி என்பதால் அந்தக் கணக்கு. நான் புறப்பட்ட அன்று, திரும்ப ஒன்று சேர்ந்தால் கொடுப்போம் என்று இருவரும் நேர்ந்துகொண்டோம்.

"குணம், நேர்த்தியை இப்பவே குடுக்கப் போறன்," என்றேன். "தாங்ஸ்கிவிங் அண்டைக்கு."

"கிடைச்சாப் பிறகெல்லோ குடுக்கிறது?"

"இல்லை. முதல் குடுப்பம். பிறகு அவர் தரட்டும்."

"டேய், கடவுளை மடக்கப் பாக்கிறாய்." சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "நான் சமைக்கிறன். உன்ரை அந்தோனியாரிட்டை என்ரை அண்ணையையும் ஒருக்கா விசாரி."

தாங்ஸ்கிவிங் என்றால் வான்கோழி வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்தான். ஐஸ் கட்டியாக வாங்கி வந்ததை முதல் நாளே வெளியே வைக்கவேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. திங்கட்கிழமை காலை அது கல்லாகக் கிடந்தது. குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி மிதக்கவிட்டோம். நண்பர்கள் வந்து எட்டிப் பார்த்துப் பகிடி பண்ணினார்கள். "ஞானஸ்நானம் குடுக்கிறியளோ?" கடைசியில் குணம் அதைத் துண்டு துண்டாகக் கொத்தி, வறுத்த தூள் போட்டுக் குழம்பாக்கினான். அதற்கு மேல் அந்தக் கனடாப் பறவையில் கனடா ஒன்றும் மிஞ்சவில்லை.

திரேசம்மா அன்ரியையும் கூப்பிட்டிருந்தேன். வந்தார், புட்டும் அவித்துக்கொண்டு வந்தார். ஆனால் முகம் இறுகியிருந்தது.

"எத்தினை பேர்?" என்று கேட்டார்.

எண்ணினேன். வேலைத்தலத்து நண்பர் ஒருவருக்கு வரமுடியாமல் போய்விட்டது. பன்னிரண்டு பேர் இருந்தோம்.

"காணும், பன்னிரண்டு பேர் போதும். ஒரு மேசையில பதின்மூண்டு பேர் இருக்கிறதும் சரியில்லை. ஆண்டவரின்ரை கடைசிச் சாப்பாட்டிலையும் பதின்மூண்டாவது ஆள்தான் காட்டிக் குடுத்தவன்."

"நேர்த்தி எண்டால் நேர்த்தி, அன்ரி. ஒராள் குறைஞ்சால் சோறு போடமாட்டன்."

வந்தவர்கள் பசியில் முணுமுணுத்தார்கள். என் பிடிவாதம் எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் விட மனமில்லை. இதில் ஒன்றைக் குறைத்தால் கார்த்திகைப் பூசைக்கும் தலையாட்டிவிடுவேன் என்று பயந்தேன். குணம் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, "பொறு, ஒருத்தனைப் பிடிச்சுக்கொண்டு வாறன்" என்று இறங்கிப் போனான்.

மார்க்கம் வீதி பஸ் தரிப்பில் ஒரு பையைக் கட்டிப்பிடித்தபடி ஒருவர் நின்றிருக்கிறார். லீவு நாளில் பஸ் குறைவு என்பது அவருக்குத் தெரியாது. மெல்லிய கோட். "தமிழோ?" என்று கேட்டானாம் குணம். "ஓம்" என்றாராம். "சாப்பிட்டியளோ?" "இல்லை." "அப்ப வீட்டை வாங்கோ." அவ்வளவுதான் கதை. அவர் பெயர் பெனடிக்ற், மன்னார்ப் பக்கம். கனடாவுக்கு வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை.

எல்லோரும் இருந்தோம். மேசையில் இடம் போதாமல் பாதிப்பேர் நிலத்தில். நான் நின்றபடி செபம் சொன்னேன். முதலில் எல்லாருக்கும் தெரிந்த உணவுச் செபம். முடிவில் எங்கள் வீட்டு வரி ஒன்று உண்டு. அது எந்தச் செபப் புத்தகத்திலும் இல்லை. றீற்றாவின் தகப்பன் கடற்தொழிலாளி. எந்த நேரத்தில் கரை வருவார் என்று தெரியாததால் அவள் சின்ன வயதிலேயே உண்டாக்கிக்கொண்ட வரி அது. கலியாணத்துக்குப் பிறகு எனக்கும் பழகிவிட்டது. "கடலில் நிற்கிறவைக்கும் கரையில் நிற்கிறவைக்கும் ஒரு பிடி மிச்சம் வையும், ஆண்டவரே." பிறகு, "றீற்றாவைத் தந்ததற்காக உமக்கு நன்றி" என்றேன். தரப்போவதற்காக என்று சொல்லவில்லை. தந்ததற்காக என்றேன்.

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. திரேசம்மா அன்ரி கண்ணை மூடிக்கொண்டார். பெனடிக்ற் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உந்தக் கடைசிச் செபம் உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"என்ரை மனுசி."

"மடுக் கோயில் அகதி முகாமில நாங்கள் இருந்த கொட்டிலுக்குப் பக்கத்திலை ஒரு அக்கா இருந்தவ. பிள்ளையளுக்குக் கஞ்சி வாக்கிறவ. வாக்கேக்கை உதைத்தான் சொல்லுறவ. கடலிலை நிக்கிறவைக்கும் எண்டு. காட்டுக்குள்ள இருந்துகொண்டு என்ன கடல் எண்டு நாங்கள் பகிடி பண்ணுறனாங்கள்."

குணம்தான் கேட்டான். "ஆள் எப்பிடி?"

"மெல்லிய ஆள். இடது புருவத்திலை ஒரு வெட்டுத் தழும்பு. றீற்றா அக்கா எண்டுதான் கூப்பிடுறது."

"எப்ப கண்டனீங்கள்?"

"இந்த ஆடியிலை நான் வெளிக்கிட்ட அண்டைக்கும் கஞ்சி வாத்தவ. நான் கனடாவுக்குப் போறன் எண்டு சொல்லேல்லை. சொல்லியிருந்தால் உங்களைத் தேடச் சொல்லியிருப்பா."

படகு கவிழ்ந்ததாகச் சொன்னது 1995 கார்த்திகை. இது 1996 ஆடி. தேதிகளை மனதில் வைத்திருக்கிற எனக்கு அந்தக் கணம் ஒரு மாதமும் வரிசையாக வரவில்லை. நிலத்தில் இருந்துவிட்டேன். யாரோ அழுதார்கள். நான்தான் என்று பிறகு சொன்னார்கள். திரேசம்மா அன்ரி எழும்பி வந்து என் தலையில் கைவைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு குணத்தைப் பார்த்தார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? அந்தப் பெடியன்ரை கோப்பையிலை சோத்தைப் போடு."

மடுவில் ரெலிபோன் இல்லை; பெனடிக்ற் தனக்குத் தெரிந்த ஒரு குருவானவர் மூலம் றீற்றாவுக்குச் செய்தி அனுப்பினார். மார்கழியில், நத்தாருக்கு முன், ஒரு விடியற்காலை ரெலிபோன் அடித்தது. வவுனியாவில் ஒரு கடையிலிருந்து றீற்றா. இரைச்சலுக்குள் அவள் கேட்ட முதல் கேள்வி இது.

"இஞ்சேருங்கோ, நான் செத்திட்டன் எண்டு பூசை கீசை வைச்சனீங்களோ?"

"இல்லை," என்றேன். "சோறு வைச்சன்."

1998 ஆவணியில் அவள் ரொறன்ரோ வந்தாள். விமான நிலையத்தில் முதலில் கட்டிப்பிடித்தது திரேசம்மா அன்ரியை. அன்ரி அன்று சொன்னதை நான் மறைக்காமல் சொல்லியிருந்தேன். றீற்றா சிரித்தாள். "அன்ரி, என்னை இளைப்பாற விடேல்லை இவர்."

சகோதரங்களே, இதைப் படிக்கிற சிலர் என்னைவிட அதிகம் மன்றாடியிருப்பீர்கள். உங்கள் ஆள் வரவில்லை. ஏன் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். உங்கள் விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால் அவர்களை வாசலோடு அனுப்புங்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நன்றியை நான் பூட்டி வைத்துக் காத்திருந்தால், பதின்மூன்றாவது ஆளைத் தேடி யாரும் படியிறங்கியிருக்கமாட்டார்கள். பெனடிக்ற் பஸ் ஏறிப் போயிருப்பார். ஆகவே கிடைத்த பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உலையை வையுங்கள். ஆட்களைக் கூப்பிடுங்கள். ஆள் குறைந்தால் வீதிக்கு இறங்குங்கள். கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்று கேளுங்கள். அவர் கோபிக்கமாட்டார். நான் கேட்டுப் பார்த்தவன்.

இது 1999. இந்த ஐப்பசியும் எங்கள் வீட்டில் பதின்மூன்று பேருக்குச் சமையல். வான்கோழியை முதல் நாளே வெளியே எடுத்து வைக்கப் பழகிவிட்டோம். குழம்பு இன்னும் குணத்தின் பொறுப்புத்தான். அவனுடைய அண்ணனைப் பற்றி இன்றுவரை ஒரு சொல்லும் இல்லை. சாப்பிடும் முன் நான் எழும்பி நின்று, அவருடைய பெயரைச் சொல்லி, தந்ததற்காக நன்றி என்று சொல்லப்போகிறேன். கோயிலுக்குப் போகாத குணம் ஆமென் சொல்வதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறான்.