படியில் கீழ்ப்பக்கம் பிடித்தவன்

முதல் லாரி வாங்க இரும்புக் கடைக்காரர் ஒருவரிடம் நாற்பதாயிரம் கடன்பட்டவர் பெரியவர். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. ஆளைப் பார்த்துக் கொடுத்தார் அந்த மனுஷன். வட்டியோடு அடைத்தார் இவர். நாலாம் வகுப்பைத் தாண்டாத அந்தக் கைதான் இன்றைக்குப் பதினோரு லாரி ஓட்டுகிறது. வீடு மாற்றுகிறவர்களின் கட்டிலையும் பீரோவையும் கீறல் படாமல் இறக்குவதில் அவரை மிஞ்ச ஊரில் ஆளில்லை. கேட்காதவர்களிடமும் இதைச் சொல்வார். உண்மையைச் சொல்ல என்ன கூச்சம்?

ஆள் எடுக்க அவருக்கு ஒரே வழிதான். வேலை கேட்டு வந்தவனை இன்னொருவனோடு சேர்த்து மாடியிலிருந்து பீரோவை இறக்கச் சொல்வார். படியில் பாரம் முழுக்கக் கீழ்ப்பக்கம் பிடிப்பவன் மேல்தான் இறங்கும். யாரும் சொல்லாமலே கீழ்ப்பக்கம் போகிறவனுக்கு மறுநாளே வேலை. அப்படி வந்தவன்தான் ஒட்டகம். எவ்வளவு ஏற்றினாலும் முனகமாட்டான் என்று கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர்.

முழங்கால் தேய்ந்து பெரியவர் வீட்டோடு உட்கார்ந்ததும் மகன் பொறுப்பேற்றான். சான்றிதழ் இல்லாதவனுக்குக் கதவைச் சாத்தினான். பட்டம் வாங்கிய ஒருவனை சூப்பர்வைசராக வைத்தான். போன வாரம் ஆள் குறைய, சூப்பர்வைசரே பீரோவின் மேல்பக்கம் பிடிக்கவேண்டியதாயிற்று. பாதிப் படியில் போன் அடித்தது, கையை எடுத்தான். பீரோ சரிந்து, கண்ணாடி நொறுங்கி, ஒட்டகத்தின் தோள்பட்டை விலகியது. கைவிட்டது ஒட்டகம்தான் என்று சூப்பர்வைசர் சாதித்தான். மகன் அதை நம்பி, கண்ணாடிக்கென்று மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு ஒட்டகத்தை நிறுத்திவிட்டான்.

லாரி டிரைவர் வந்து நடந்ததைச் சொல்ல, பெரியவர் கைத்தடியோடு ஆபீசில் போய் நின்றார்.

"ஏன்டா, கீழ பிடிச்சவன் கைய விட்டா அவன் மேலதான்டா விழும். எவனாவது தன் தலையில தானே பீரோவப் போட்டுக்குவானா?"

"அவர் படிச்சவர்ப்பா. பொய் சொல்லி அவருக்கு என்ன ஆகப்போகுது?"

"படிச்சா நாக்கு நேராயிடுமா? உன்னையும்தான் படிக்க வெச்சேன், காசு கரைஞ்சதுதான் மிச்சம்."

போன் வந்ததா என்று சூப்பர்வைசரிடம் கேட்டார். அவசரமான போன் என்றான் அவன். அந்த நிமிஷமே அவன் பையைத் தூக்கி வாசலில் வைத்தார் பெரியவர்.

கோபம் அடங்காமல் மகனை இழுத்துக்கொண்டு ஒட்டகத்தின் வீட்டுக்குப் போனார். அந்தப் பயலைத் துரத்திவிட்டதை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். கை சரியானதும் வா, உன் இடம் அப்படியே இருக்கிறது என்றார்.

ஒட்டகம் எழுந்திருக்கக்கூட இல்லை.

"உங்க மகன் என்னை ஒரு வார்த்தை கேக்கல முதலாளி. நல்ல ஆளாப் பொறுக்கி எடுத்தீங்க, சரி. எங்களைக் கொண்டுபோய் யார் கையில குடுத்தீங்க? வேலை வேண்டாம். சம்பளத்த மட்டும் குடுங்க."

மகன் அவசரமாகப் பணத்தைக் கட்டாக நீட்டினான். அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார் பெரியவர்.

"எண்ணிக் குடுடா. அவன் முகத்தப் பாத்து எண்ணு."

கட்டுப் போடாத கையை ஒட்டகம் விரித்தான். மகன் ஒவ்வொரு நோட்டாக எண்ணி அதில் வைத்தான்.