புரட்டாதிச் சனியில் வந்த மரை

உதட்டில் வைத்ததும் ஈர மண்ணும் பழைய கடதாசியும் கலந்தது போல மணக்கும், பேர்ச் மரப்பட்டையைக் கூம்பாகச் சுருட்டிச் செய்த அந்தக் குழல். துறைமுகத்தில் வேலை செய்த அப்பா, மொன்ட்ரியால்-நோர் வீட்டுப் பல்கனியில் வைத்து அதை எனக்குப் பழக்கினார். கனடாக் காட்டின் பெரிய கொம்பு மானான மூஸை வேட்டைக்காரர் கூப்பிடுகிற குழல் அது. மூஸ் என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வாய் வராது; ஊர்க் காட்டுப் பெரிய மானின் பெயரான “மரை”யையே அதற்கும் வைத்திருந்தோம். பெண் மரை போல நான் முனகத் தொடங்கினால் கீழ்வீட்டுக்காரி யன்னலை அடித்துச் சாத்துவாள்.

எனக்குப் பன்னிரண்டு வயதான ஆண்டு, வடக்கே அரசாங்கக் காட்டுமலைக்கு என்னையும் கூட்டிப்போவதாக அப்பா சொன்னார். அம்மாவுக்கு மனமில்லை. வேட்டைக்காலம் புரட்டாதிச் சனி விரதத்தோடு வரும். அந்தச் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் முட்டைகூடப் பொரிப்பதில்லை.

“சனிக்கிழமை துவக்கைத் தொடமாட்டன். பிள்ளை கூப்பிட்டுப் பாக்கட்டும், சும்மா பாக்கத்தான். வெடி ஞாயிற்றுக்கிழமைதான்,” என்று சாமிப்படத்துக்கு முன்னால் நின்று சொன்னார் அப்பா.

நான் நம்பினேன். சனி காலை, வேரைப் பிடித்துப் பிடித்து ஏறவேண்டிய செங்குத்துச் சரிவில், பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மரநெருக்கத்தில் இருந்து, எந்தப் பயமுமில்லாமல் கூப்பிட்டேன். நெடுநேரத்துக்குப் பின் கீழே கொப்புகள் முறிந்தன. கொம்பைச் சாய்த்துச் சாய்த்து மரங்களுக்கிடையே நுழைந்து, என் குரலைத் தேடி அது ஏறி வந்து நின்றது. என் மகிழ்ச்சியைப் பங்குபோட அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தோளில் துவக்கு இருந்தது.

காது அடைத்துப்போனது. மரை முன்னங்காலை மடித்து விழுந்தது. நான் அழுததை அவர் களைப்பு என்று எடுத்துக்கொண்டார்போலும். கத்தியைத் துடைத்தபடி, “அம்மாவிட்டை ஞாயிற்றுக்கிழமை எண்டு சொல்லு,” என்றார், தேத்தண்ணி கேட்கிற குரலில்.

சொன்னேன். நாங்கள் வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை இரவே அம்மா மிளகு தூக்கலாய்ப் போட்டுக் கறி வைத்துத் தானும் சாப்பிட்டார். அப்பாவை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. அந்த மரைக்கும் அம்மாவுக்கும் என்னையே பொய்சொல்ல வைத்துவிட்டார்.

இப்போது அப்பாவின் முழங்கால் மலைக்கு உதவாது. துவக்கை விற்றாயிற்று, குழலும் வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. போன புரட்டாதிச் சனிக்குக் கோயிலில் எள் விளக்கேற்றி வந்த அம்மா, எங்கள் வீட்டு விரதச் சாப்பாட்டுக்கு வந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமையாகச் சொன்னார்: “காட்டுக்குப் போயும் சனிக்கிழமை துவக்கைத் தொடாத மனிசன் இவர். வேணுமெண்டா மகளைக் கேளுங்கோ.”

அப்பா சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. நான் ஓம் என்று தலையாட்டினேன்.